மாடலிங் தொடங்க எந்த ஊர்: சென்னை, பெங்களூரு, மும்பை

மாடலாக வேண்டும் என்று கிளம்புகிற எல்லாரும் முதலில் கேட்பது "என் உயரம் போதுமா" என்பதைத்தான். கேட்க வேண்டிய கேள்விதான், ஆனால் எந்த ஊரை மனதில் வைத்துக் கேட்கிறீர்கள் என்று தெரியாமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது, ஏனென்றால் சென்னையிலும் பெங்களூரிலும் மும்பையிலும் மாடலிங் என்ற ஒரே பெயரில் மூன்று தனித்தனித் தொழில்கள் நடக்கின்றன. எதிர்பார்க்கும் உடல்வாகு வேறு, வேலைக்குக் கூப்பிடும் ஆள் வேறு, பணம் கைக்கு வரும் வேகம் வேறு.

என் கட்சி எதுவென்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீடு தமிழ்நாட்டிலேயே இருக்கட்டும், வேலையைப் பெங்களூரில் தேடுங்கள், சென்னையில் நல்லதாக வந்தால் விடாதீர்கள், மும்பைக்கு அங்கிருந்து யாராவது கூப்பிட்ட பிறகு போங்கள். இதை மறுப்பவர்கள் உண்டு, அவர்கள் பெரும்பாலும் மும்பையில் வாடகை கொடுக்கத் தேவையில்லாதவர்கள்.

சென்னையை எடுத்துக்கொள்வோம். இங்கே வேலை என்பது பட்டுக்கடை, நகைக்கடை, வேட்டி, நைட்டி, மசாலா, மனை விற்பனை விளம்பரங்கள். தி. நகர் கடைகளின் நாட்காட்டிதான் நம் நாட்காட்டி: அட்சய திருதியைக்கு நகை, ஆடித் தள்ளுபடி, தீபாவளிக்குப் பட்டு, பொங்கலுக்குக் குடும்பத்தோடு சிரிக்கும் விளம்பரம். இவற்றுக்கான ஷூட் பண்டிகைக்குப் பல வாரங்கள் முன்பே முடிந்துவிடும், ஆகவே தீபாவளி வாரத்தில் வாய்ப்புத் தேடினால் யாரும் போனை எடுக்க மாட்டார்கள். ஆள் பிடிப்பது கோஆர்டினேட்டர்கள் (கடைக்கும் மாடலுக்கும் நடுவில் நிற்கும் தரகர்கள்), வாட்ஸ்ஆப் குழுக்கள் வழியாக. "ஹோம்லி லுக், ஒரு நாள் ஷூட்" என்று இரண்டு வரி வரும், படமும் உயரமும் அனுப்ப வேண்டும். உயரத்துக்கு இங்கே அவ்வளவு கெடுபிடி இல்லை, 5 அடி 4 அங்குலம் இருப்பவரும் நகை விளம்பரத்தில் வரலாம், முகமும் கழுத்தும் கையும்தானே கணக்கு. பட்டுப் புடவையின் கொசுவம் கலையாமல் நாள் முழுக்க நிற்கத் தெரிந்திருந்தால் அது பெரிய பலம், ஸ்டைலிஸ்ட்டுக்கு வேலை மிச்சமாவதால் அடுத்த முறையும் கூப்பிடுவார்.

சிக்கல் மேல்தட்டில் இருக்கிறது. பெரிய ஹோர்டிங்குகள் சினிமா நட்சத்திரங்களுக்குப் போய்விடும், அடுத்த வரிசைக்குப் பெரும்பாலும் வெளி மாநில முகங்களைக் கொண்டுவருவார்கள், காரணம் நிறம். கறுப்பான பெண்கள் வாங்கும் புடவையை வெளுத்த பெண்கள் கட்டிக் காட்ட வேண்டும் என்கிற இந்தப் பிடிவாதம் இன்னும் போகவில்லை. கொஞ்சம் தளர்ந்திருக்கிறது, சிறு பொட்டிக்குகளும் கைத்தறி பிராண்டுகளும் மாநிற, கறுத்த முகங்களைத் தேடி எடுக்கின்றன, ஆனால் அவற்றிடம் பணம் குறைவு. "கொலாப்" என்பார்கள், அதாவது மேக்கப் கலைஞருக்கும் போட்டோகிராபருக்கும் உங்களுக்கும் படம் கிடைக்கும், காசு யாருக்கும் கிடையாது. போர்ட்ஃபோலியோவுக்காக, அதாவது வாய்ப்புக் கேட்கும்போது காட்டும் படத் தொகுப்புக்காக, இரண்டு மூன்று செய்யலாம். அதற்கு மேல் செய்தால் ஊருக்கே இலவச மணப்பெண் ஆகிவிடுவீர்கள்.

இன்னொன்று, கோஆர்டினேட்டர் வழியாக வரும் வேலையில் கடைக்காரர் உங்களுக்காக எவ்வளவு ஒதுக்கினார் என்பது கடைசிவரை தெரியாது. கமிஷன் வாங்குவது தப்பில்லை, எவ்வளவு என்று சொல்லாமல் வாங்குவதுதான் பிரச்சினை. அதைவிட முக்கியமானது படத்தின் பயன்பாடு. ஒரு நாள் ஷூட்டுக்குப் பேசிய பணத்துக்கு உங்கள் முகம் செய்தித்தாளில் வருமா, பஸ் பின்னால் வருமா, எத்தனை வருடம் வரும், அந்தக் காலத்தில் வேறு நகைக்கடைக்கு நடிக்கலாமா என்பதையெல்லாம் முன்பே கேட்டு, ஒப்பந்தம் இல்லாவிட்டால் ஒரு வாட்ஸ்ஆப் செய்தியிலாவது எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நகைக்கடை ஒன்றுக்கு நடித்துவிட்டு அதே சீசனில் எதிர்க்கடையின் வாய்ப்பை விட வேண்டியிருந்தால், அந்த நஷ்டத்தையும் சேர்த்துத்தான் கூலி பேச வேண்டும்.

சரி, பெங்களூரு. ஆன்லைன் கடைகளான மிந்த்ரா, ஃப்ளிப்கார்ட் இரண்டின் தலைமையகமும் அங்கேதான், அவற்றைச் சுற்றி ஸ்டுடியோக்களும் பிராண்டுகளும் வளர்ந்திருக்கின்றன. வேலை, கேட்டலாக், அதாவது ஆன்லைன் விற்பனைப் பக்கத்துக்காக ஒவ்வொரு உடையையும் போட்டுக் காட்டும் படங்கள். வெள்ளைப் பின்னணி, முன்பக்கம், பின்பக்கம், பக்கவாட்டு, ஒரு நெருக்கமான படம், அடுத்த குர்தி. ஒரே நாளில் 40, 50 உடைகள்கூட மாற்ற வேண்டிவரும். இதில் யாரும் உங்களிடம் கலையை எதிர்பார்ப்பதில்லை, ஷூட்டுக்காக பிராண்ட் ஒரே அளவில் தைத்து அனுப்பும் மாதிரி உடை, ஊசி குத்திப் பிடிக்காமலே உங்கள் மேல் உட்கார வேண்டும், அவ்வளவுதான். பெண்களுக்கு 5 அடி 6 அங்குலத்துக்கு மேலும் ஆண்களுக்கு 6 அடியை ஒட்டியும் கேட்பார்கள், பெரிய அளவு உடைகளுக்குத் தனி மாடல்கள் உண்டு. அளவை உண்மையாக எழுதுங்கள், இடுப்பை இரண்டு அங்குலம் குறைத்து எழுதினால் முதல் உடையிலேயே தெரிந்துவிடும்.

கேட்டலாக்கைப் பலர் மட்டமாகப் பேசுவார்கள். அதில் கொஞ்சம் உண்மை உண்டு, சில படங்களில் தலையையே வெட்டிவிடுவார்கள், அந்தப் படங்களைக் காட்டி எந்த டிசைனரையும் கவர முடியாது. ஆனால் வேலை திரும்பத் திரும்ப வருவது இங்கேதான். அளவு பொருந்தி, நேரத்துக்கு வந்து, வேகமாக உடை மாற்றினால் அதே ஸ்டுடியோ மறுபடி கூப்பிடும், தொடக்கத்தில் ஒரு நாளுக்குச் சில ஆயிரங்கள்தான் என்றாலும் மாதத்தில் எத்தனை நாள் என்று ஓரளவு கணக்குப் போட முடியும். கேமராவின் முன் உடம்பு கூச்சம் விடுவதற்கும் இதைவிட நல்ல பயிற்சி இல்லை, காசு கட்டிச் சேரும் மாடலிங் வகுப்பில் ஒரு மாதத்தில் நிற்பதைவிட அதிகமாக இங்கே ஒரே நாளில் நிற்பீர்கள். தோல் நிற உள்ளாடை, ஹீல்ஸ், தண்ணீர் பாட்டில் எல்லாம் நம் பையில் இருக்க வேண்டும். சென்னையிலிருந்து இரவு பஸ் பிடித்து நேராக ஸ்டுடியோவில் இறங்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள், வீங்கிய கண்ணை எந்த மேக்கப்பும் மறைக்காது. முந்தின நாளே போய்த் தெரிந்தவர் வீட்டில் படுத்துக்கொள்ளுங்கள்.

மும்பை என்றதும் எல்லாருக்கும் ராம்ப் ஞாபகம் வரும். லாக்மே ஃபேஷன் வீக் வருடத்துக்கு இரண்டு முறை, சமீப வருடங்களில் ஒன்று மும்பையில், இன்னொன்று டெல்லியில். விலையுயர்ந்த டிசைனர் உடைகளுக்கான இந்தியா கூத்யூர் வீக்கும் டெல்லியில்தான். சேர்த்துப் பார்த்தாலும் வருடத்தில் சில வாரங்கள்தான், மீதி நாட்களில் ராம்ப் மாடல்களும் கேட்டலாக்கும் விளம்பரமும் டிசைனர்களின் லுக்புக்கும் (புது உடைத் தொகுப்பைக் காட்டும் படப் புத்தகம்) செய்துதான் பிழைக்கிறார்கள். ராம்புக்குப் பெண்கள் 5 அடி 8 அங்குலமும் அதற்கு மேலும், ஆண்கள் 6 அடிக்குக் குறையாமல். இதில் பேரம் கிடையாது. போட்டி உள்ளூர்க்காரர்களோடு மட்டுமும் இல்லை, கிழக்கு ஐரோப்பா, பிரேசில் போன்ற இடங்களிலிருந்து சில மாத ஒப்பந்தத்தில் மாடல்களை ஏஜென்சிகள் அழைத்துவருகின்றன.

மும்பையின் உண்மையான பலம் ஏஜென்சிதான். நல்ல ஏஜென்சி கூலி பேசும், பயன்பாட்டு உரிமையை எழுத்தில் வாங்கும், பாக்கியைத் துரத்தும், பதிலுக்கு வருமானத்தில் 20 சதவீதம் போல எடுத்துக்கொள்ளும். கையெழுத்துக்கு முன் பார்க்க வேண்டியவை: ஒப்பந்தம் எத்தனை வருடம், நீங்களே பிடித்துவந்த சென்னை வேலைக்கும் கமிஷன் உண்டா, போட்டோ செலவை உங்கள் கணக்கில் ஏற்றுவார்களா. ஆனால் ஏஜென்சியில் சேர மும்பையில் குடியிருக்க வேண்டும் என்றில்லை. மேக்கப் இல்லாமல், ஜன்னல் வெளிச்சத்தில், பொருந்திய சாதாரண பனியனும் ஜீன்ஸும் போட்டு, போனில் எடுத்த நாலு படங்களையும் அளவுகளையும் அனுப்பினால் போதும், அவர்கள் கேட்பதே அதைத்தான். பிடித்திருந்தால் கூப்பிடுவார்கள். கூப்பிடாமல் போனால் என்ன நடக்கும் என்றால், அந்தேரி மேற்கில் அறையைப் பங்குபோட்டுக்கொண்டு, முன்பணமும் தரகும் கொடுத்து, வெர்சோவா ஆராம் நகரில் ஆடிஷன் வரிசையில் நின்று, கையிருப்பு கரைந்த பிறகு ஊர் திரும்புவது.

கையிருப்பு என்றதும் பணம் வரும் வேகத்தையும் பார்த்துவிடலாம். மூன்று ஊரிலும் ஷூட் முடிந்த அன்றே காசு என்பது அபூர்வம், சிறு பொட்டிக்கில் நடக்கலாம். கம்பெனி வழியாக வந்தால் இரண்டு, மூன்று மாதம் சாதாரணம். அதிலும் பெரும்பாலும் 10 சதவீதம் டிடிஎஸ், அதாவது முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி, போகத்தான் வரும். பலர் அதைப் போனது போனதென்று விட்டுவிடுகிறார்கள், வருமானம் வரி வரம்புக்குள் இருந்தால் ரிட்டர்ன் தாக்கல் செய்து திரும்ப வாங்கிவிடலாம். மூன்று மாதம் சம்பளமே வராமல் சாப்பிட முடியுமா என்பதுதான் ஊரைத் தீர்மானிக்கிறது. வீட்டில் இருந்துகொண்டு முடியும், அந்தேரியில் கஷ்டம்.

மோசடி மூன்று ஊரிலும் ஒரே மாதிரி: பதிவுக் கட்டணம், ஐம்பதாயிரம் ரூபாய் போர்ட்ஃபோலியோ பேக்கேஜ், "செலக்ட் ஆகிட்டீங்க, டெபாசிட் கட்டுங்க". வேலை கொடுப்பவர் உங்களிடம் பணம் கேட்க ஒரு காரணமும் இல்லை. உள்ளாடைப் படத்தை வாட்ஸ்ஆப்பில் கேட்டால் பிளாக் செய்யுங்கள், பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள். ஸ்டுடியோவில் பெண்களிடம் யாராவது அத்துமீறினால், முறையான வேலை ஒப்பந்தம் இல்லையே என்று தயங்க வேண்டாம், மாவட்ட உள்ளூர்க் குழுவிடம் புகார் கொடுக்கப் பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது.

அழகிப் போட்டி நாலாவது வழி இல்லையா என்று கேட்பீர்கள். த்ரிஷா 1999-இல் மிஸ் சென்னை, திருச்சியின் அனுகீர்த்தி வாஸ் 2018-இல் மிஸ் இந்தியா. இருவரும் போய்ச் சேர்ந்தது சினிமாவில். சினிமாதான் ஆசை என்றால் முயலலாம், ஆனால் நுழைவுக் கட்டணம் வாங்கி, போட்டியாளரையே டிக்கெட் விற்கச் சொல்லும் மாவட்ட அளவிலான "மிஸ்" பட்டங்களைக் காஸ்டிங்கில் யாரும் மதிப்பதில்லை.

பெங்களூருக்கு எதிராக ஒரு வலுவான வாதம் இருக்கிறது, அதையும் சொல்லியாக வேண்டும். செயற்கை நுண்ணறிவு முதலில் தின்னப்போவது கேட்டலாக் வேலையைத்தான். ஸ்வீடனின் துணி நிறுவனமான எச் அண்ட் எம் 2025-இல் 30 மாடல்களின் டிஜிட்டல் பிரதிகளை, அதாவது செயற்கை நுண்ணறிவால் செய்த உருவங்களை, உருவாக்கப்போவதாக அறிவித்தது, பிரதியின் உரிமை மாடல்களுக்கே என்றும் சொன்னது. நியூயார்க்கில் அதே வருடம் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, பிரதி உருவாக்க மாடலின் தனியான எழுத்துச் சம்மதம் வேண்டும். இங்கே அப்படித் தனிச் சட்டம் எதுவும் இல்லை, ஆகவே படத்தைப் பயன்படுத்தச் சம்மதம் கேட்டு ஸ்டுடியோ நீட்டும் ரிலீஸ் பேப்பரில் "எந்த வடிவிலும், எந்தத் தொழில்நுட்பத்திலும்" என்பது போல ஒரு வரி இருந்தால் அதை அடிக்கச் சொல்லிக் கேளுங்கள். முடியாது என்றால் அதற்குத் தனிக் கூலி கேளுங்கள், அதற்கும் முடியாது என்றால் அந்த ஒரு நாள் வேலையை விடலாம்.