மூவாயிரம் ரூபாய்க்குள் பேஸ்பால் பிட்சிங் செட்: வாங்கலாமா?

ஆன்லைனில் மூன்று நான்கு பெயர்களில் விற்கும் ‘பிட்சிங் செட்’ எல்லாமே கிட்டத்தட்ட ஒரே சரக்குதான். பதினொன்றரை அங்குல கிளவுஸ் ஒன்று, பந்து மூன்று, ஒன்பது கட்டம் போட்ட இலக்கு வலை, கால் ஊன்றி எறிய ஒரு ரப்பர் பட்டை. அட்டைப்பெட்டியின் மேல் ‘பள்ளி அணியிலிருந்து மேஜர் லீக் வரை’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அமெரிக்காவின் உச்ச தொழில்முறைப் போட்டியான மேஜர் லீக் இருக்கட்டும். புதுச்சேரி உப்பளம் விளையாட்டரங்கிலோ கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்திலோ பள்ளி அணிக்காக எறிந்து பழகும் பிள்ளைக்கு இது எத்தனை தூரம் உதவும் என்று பார்த்தால், கிளவுஸும் வலையும் தேறுகின்றன. பந்தும் ரப்பரும் பெட்டியை நிரப்ப வைத்தவை.

முதலில் பந்து. விதிப்படி பேஸ்பால் பந்தின் எடை 142 முதல் 149 கிராம், சுற்றளவு 22.9 முதல் 23.5 செ.மீ. கிரிக்கெட் பந்தைவிட எடை சற்றுக் குறைவு, சுற்றளவு சற்று அதிகம். தோல் உறை, அதில் 108 இரட்டைத் தையல். செட்டில் வருவதோ பிளாஸ்டிக் உறை. தையல் மேலே எழும்பாமல் உறையோடு படிந்து கிடக்கிறது. மட்டையால் அடித்துப் பழக இது போதும், பந்தெறியும் பிட்சருக்கு ஆகாது. அடிப்படை வீச்சான ஃபோர்-சீம் ஃபாஸ்ட்பாலுக்கு ஆள்காட்டி விரலும் நடுவிரலும் தையலுக்குக் குறுக்கே உட்கார வேண்டும், கட்டைவிரல் அடியில் தாங்க வேண்டும், பந்துக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி வேண்டும். விடும்போது விரல் நுனி தையலை இழுத்துத்தான் பந்து பின்பக்கமாகச் சுழல்கிறது, அந்தச் சுழற்சியால்தான் அது எதிர்பார்த்த அளவு தாழாமல் வருகிறது. தையல் பிடி கொடுக்காவிட்டால் பிள்ளை பந்தை இறுக்கிப் பிடிக்கும், மணிக்கட்டு விறைக்கும், பந்து மேலே பறக்கும். பயிற்சியாளர் ‘கையைச் சரியா கொண்டு வா’ என்று கத்திக்கொண்டிருப்பார். கோளாறு கையில் இல்லை.

சோதிப்பது சுலபம். மளிகைக்கடை மின்தராசில் வைத்தால் எடை தெரிந்துவிடும், தையல் டேப்பைச் சுற்றினால் சுற்றளவு. ஒரே பெட்டியில் வந்த மூன்று பந்தும் மூன்று எடை காட்டினால் மூன்றையும் ஒதுக்கிவிட்டு, தோல் உறைப் பந்து நான்கு தனியாக வாங்குங்கள். கடையில் நேரில் கேட்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பல இடங்களில் பேஸ்பால் என்றதும் சாஃப்ட்பாலை எடுத்து நீட்டுவார்கள். அது 30 செ.மீ. சுற்றளவு. அதில் பழகிய விரலுக்குச் சின்னப் பந்தின் பிடி வராது.

மழைக்காலத்தில் நனைந்த தோல் பந்து தண்ணீரை உறிஞ்சி எடை கூடும். அதை எறிந்தால் சுமை முழங்கைக்குத்தான். நிழலில் உலர்த்தி மறுபடி எடை பார்த்த பிறகு எடுங்கள். வெயிலில் வைத்தால் தோல் வெடிக்கும்.

கிளவுஸ் பரவாயில்லை. விரல்களுக்கும் கட்டைவிரலுக்கும் நடுவே உள்ள வலைப்பகுதி மூடிய வகை, பிட்சருக்கு வேண்டியதும் அதுதான். எந்தப் பிடியில் பந்து இருக்கிறது என்று மட்டைக்காரருக்குத் தெரியக்கூடாது. குழப்பம் வருவது ஆர்டர் போடும்போது. ‘ரைட் ஹேண்ட் த்ரோ’ என்றால் வலது கையால் எறிகிறவருக்கு, அதாவது இடது கையில் மாட்டும் கிளவுஸ். கிரிக்கெட் பேட்டிங் கிளவுஸ் வாங்கிப் பழகியவர்கள் இதில்தான் தடுமாறித் திருப்பி அனுப்புகிறார்கள்.

புதுக் கிளவுஸ் விறைப்பாக இருக்கும். கிளவுஸ் எண்ணெய் இரண்டு மூன்று துளி போதும், மடிப்பில் மட்டும் தடவி, பந்தை உள்ளே வைத்து, இரவு முழுக்கக் கயிற்றால் கட்டி வைத்தால் பள்ளம் விழும். வீட்டில் இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெயை ஊற்ற வேண்டாம், தோல் தொளதொளத்துவிடும். ஐப்பசி கார்த்திகையில் பூசணம் பூப்பதற்கும் அது வசதி. பழகி முடித்ததும் உள்ளே செய்தித்தாளைத் திணித்துக் காற்றோட்டமான இடத்தில் வையுங்கள், பிளாஸ்டிக் பையில் கட்டாதீர்கள்.

இலக்கு வலை நல்ல யோசனை. மட்டைக்காரர் முன் தரையில் பதித்திருக்கும் ஹோம் பிளேட்டின் அகலம் 43.2 செ.மீ., வலையின் கட்டங்களும் அந்தக் கணக்கை ஒட்டியே இருக்கின்றன. உயரம்தான் இடிக்கிறது. மட்டைக்காரர் அடிக்காமல் விட்டாலும் வீச்சு கணக்கில் சேரும் ஸ்டிரைக் பகுதி என்பது மட்டைக்காரரின் தோளுக்கும் இடுப்புக்கும் நடு மட்டத்திலிருந்து முழங்கால் சில்லின் அடிவரை. வலை பெரியவர்கள் உயரத்துக்கு நிற்கிறது, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் ஆட்டத்துக்கு மேல் வரிசை மூன்று கட்டமும் கணக்கில் வராது. அவற்றைத் துணியால் மூடிவிடலாம். பிற்பகல் கடல்காற்றுக்கு வலை நிற்காது, ஒவ்வொரு காலிலும் ஐந்து கிலோ மணல்மூட்டை வேண்டும். குழாய் இணைப்புகளில் முதல் நாளே கிரீஸ் தடவாவிட்டால் உப்புக்காற்றில் துருப்பிடித்துக் கழற்ற வராது.

ரப்பர் பட்டையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முறையான அளவு 61 x 15 செ.மீ. இது அதில் பாதிகூட இல்லை, செம்மண்ணில் வழுக்குகிறது. லாரி டயர் கடையில் ஒரு துண்டு வெட்டி வாங்கி, பலகையில் போல்ட் அடித்து, மண் மட்டத்துக்குப் புதையுங்கள். பிட்சர் நின்று எறியும் மண்மேடான மவுண்ட் மேஜர் லீக்கில் 25.4 செ.மீ. உயரம், பொது மைதானத்தில் அதைக் கட்ட விடமாட்டார்கள், முதலில் சமதரையே போதும். கடலூர் வெள்ளிக் கடற்கரை மணலில் மட்டும் வேண்டாம். படம் நன்றாக வரும், ஊன்றும் கால் புதைந்து இடுப்பு திரும்பாமல் தோளால் எறிய வேண்டிவரும்.

தூரம்தான் செட்டோடு வரும் கையேட்டின் பெரிய பிழை. 18.44 மீட்டர் என்று ஒரே அளவைத்தான் போட்டிருக்கிறார்கள். அது பெரியவர்களுக்கு. சிறுவர்களுக்கான லிட்டில் லீக்கில் பன்னிரண்டு வயதுவரை 14.02 மீட்டர்தான். ரப்பரின் முன்விளிம்பிலிருந்து ஹோம் பிளேட்டின் பின்முனைவரை டேப் பிடித்து அளக்க வேண்டும். கிரிக்கெட் பிட்ச் இருக்கிறதே என்று அதில் நிறுத்தினால் 20.12 மீட்டர் ஆகிவிடும், சின்னப் பிள்ளை பந்தை உந்தித் தள்ளத்தான் பழகும்.

கூடுதல் விலைக்கு வரும் வேகமானியை விட்டுவிடலாம். போனின் ஸ்லோ மோஷனே போதும். 18.44 மீட்டரில் பந்து கையை விட்டு வலையைத் தொடும் தூரம் சுமார் 16.5 மீட்டர். நொடிக்கு 240 சட்டம் (ஃபிரேம்) வீதம் எடுத்து, எத்தனை சட்டம் ஆனது என்று எண்ணுங்கள். 142 என்றால் சராசரி வேகம் மணிக்கு 100 கி.மீ. சாதாரண 30 சட்ட வீடியோவில் ஒரு சட்டம் தவறினாலே ஐந்தாறு கி.மீ. பிசகும். காற்றுத் தடையால் போகப்போக வேகம் குறைவதால், கையை விடும் வேகம் இதைவிடச் சற்று அதிகம்.

வேகத்தைத் துரத்துவதைவிட எண்ணிக்கையைக் கவனிப்பது முக்கியம். கையேட்டில் அது அறவே இல்லை. அமெரிக்காவில் மேஜர் லீக்கும் யுஎஸ்ஏ பேஸ்பாலும் சேர்ந்து 2014இல் வெளியிட்ட ‘பிட்ச் ஸ்மார்ட்’ வரையறைப்படி 11, 12 வயதுக்கு ஒரு நாளைக்கு அதிகபட்சம் 85 வீச்சு, 13 முதல் 16 வரை 95. பதினான்கு வயதுவரை ஒரே நாளில் 66ஐத் தொட்டாலே நான்கு நாள் ஓய்வு. நம் ஊரில் அதே பிள்ளை மாலையில் கிரிக்கெட் நெட்டில் பந்து போடுகிறான், அதையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும். கையேடு முதல் வாரமே வளைந்து விழும் கர்வ்பால் கற்றுத்தருகிறது. ஃபாஸ்ட்பாலும், அதே கையசைவில் மெதுவாக வரும் சேஞ்ச்அப்பும் கைவராமல் அந்தப் பக்கத்தைத் திறக்காதீர்கள்.

பெட்டி சொல்லும் பாதையையும் சரியாகச் சொல்லிவிடலாம். அமெரிக்கப் பள்ளி மாணவர், அணிகள் புது ஆட்டக்காரர்களை முறைவைத்து எடுக்கும் டிராஃப்டில் தேர்வாகலாம், அல்லது கல்லூரிக்குப் போய் அங்கிருந்து தேர்வாகலாம். பிறகு ரூக்கி, சிங்கிள்-ஏ, ஹை-ஏ, டபுள்-ஏ, டிரிபிள்-ஏ என்று மைனர் லீக் படிகள். மேஜர் லீக் பிட்சர் ஜேக்கப் டிகிராம் ஸ்டெட்சன் பல்கலைக்கழகத்தில் பெரும்பாலும் ஷார்ட்ஸ்டாப், அதாவது பந்தைத் தடுக்கும் உள்வட்ட ஆட்டக்காரர். 2010இல் ஒன்பதாம் சுற்றில் நியூயார்க் மெட்ஸ் எடுத்தது, அதே ஆண்டு முழங்கை அறுவை சிகிச்சை, 2014இல்தான் மேஜர் லீக். 2018, 2019 இரண்டிலும் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது. பிட்சிங்கைத் தாமதமாகத் தொடங்கியது அவருக்குத் தடையாகவில்லை. இந்தியப் பிள்ளை டிராஃப்டில் வரமுடியாது, அயல்நாட்டு ஒப்பந்தம்தான் வழி. இந்தியாவில் நடந்த 2008 திறனறிப் போட்டியில் தேர்வான ஈட்டி எறிபவர்கள் ரிங்கு சிங்கும் தினேஷ் படேலும் அப்படித்தான் பிட்ஸ்பர்க் பைரேட்ஸில் சேர்ந்தார்கள். ரிங்கு சிங்கிள்-ஏ வரை போனார், அதற்குமேல் காயங்கள் விடவில்லை.

செட்டை வாங்குவதானால் ரப்பர், வேகமானி இல்லாத மலிவுப் பதிப்பே போதும், மிச்சக் காசைத் தோல் பந்தில் போடுங்கள். வந்த அன்றே கிளவுஸ் எந்தக் கைக்கு, வலையின் எட்டுக் குழாய்களும் இருக்கின்றனவா என்று பாருங்கள். கிளவுஸில் எண்ணெய் தொட்டுவிட்டால் திருப்பி எடுக்கமாட்டார்கள். இடது கையால் எறியும் பிள்ளைக்குச் செட்டாகக் கிடைப்பதில்லை, கிளவுஸைத் தனியாகத்தான் தேட வேண்டும்.