மழை நாளில் என்ன செய்வீர்கள்? வசந்தகால இத்தாலியின் நான்கு கடற்கரைகள்

“மார்ச் ஒரு கிறுக்கு மாதம், வெயிலைப் பார்த்துவிட்டுக் குடையை எடு” என்று இத்தாலியில் ஒரு சொலவடை உண்டு. ஏப்ரலுக்குத் தனியாக இன்னொன்று: போர்த்தியதைக் கழற்றாதே. இரண்டும் உண்மை. காலையில் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நடப்போம். மத்தியானம் கடலோரத்தில் கருமேகம் கட்டும், நான்கு மணிக்குத் தெருவில் தண்ணீர் ஓடும். மறுநாள் பார்த்தால் வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும்.

ஏப்ரல், மே மாதங்களில் அங்கே போக நினைக்கிறவர்கள் எந்தக் கரை அழகு என்றுதான் முதலில் ஒப்பிடுகிறார்கள். லிகூரியா, அமால்ஃபி, சலெந்தோ, சிசிலி, நான்குமே அழகு. அதை வைத்து முடிவெடுக்க முடியாது. நான் வேறொரு கேள்வியை வைத்துத்தான் பார்ப்பேன். காலையில் சன்னலைத் திறக்கிறீர்கள், மழை கொட்டுகிறது. அந்த ஊரில் அன்றைக்கு என்ன செய்வீர்கள்? இதற்குச் சட்டென்று பதில் வருகிற ஊரில் அறை எடுத்தால் பாதி கவலை தீர்ந்தது.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடலில் குளிக்கும் ஆசையோடு ஏப்ரலில் போகாதீர்கள். தண்ணீர் ஏறத்தாழ 15, 16 டிகிரிதான் இருக்கும். கால் நனைக்கலாம், அவ்வளவுதான்.

முதலில் வடமேற்கில் உள்ள லிகூரியா, அதிலும் சிங்க்வே தெர்ரே. மலைச்சரிவில் ஒட்டிவைத்தது போன்ற ஐந்து ஊர்கள், 1997இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியவை. நான்கு இடங்களில் மழைக்கு மிகவும் அஞ்ச வேண்டியது இங்கேதான். வடமேற்கிலிருந்து வரும் குளிர்காற்று ஆல்ப்ஸ் மலையில் மோதித் திரும்பும்போது, ஜெனோவா வளைகுடாவில் ஒரு தாழ்வழுத்தம் சுழன்று உருவாகும். வானிலைக்காரர்கள் அதற்கு ஜெனோவாத் தாழ்வு என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். கடலின் ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து நேரே இந்தச் சரிவுகளில் கொட்டும். 2011 அக்டோபர் 25 அன்று பெய்த மழையில் இந்த ஐந்தில் வெர்நாட்சா, மொந்தெரோஸ்ஸோ இரண்டு ஊர்களும் சேற்றில் புதைந்தன. அதனால் மழை எச்சரிக்கை வந்தால் மலைப்பாதைகளை மூடிவிடுவார்கள். அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பாதையில் நடக்கத்தானே அவ்வளவு தூரம் போகிறோம்?

இங்கே ஒரு பெரிய ஆறுதல் ரயில். இரு முனைகளிலும் உள்ள லா ஸ்பேட்சியாவுக்கும் லெவந்தோவுக்கும் நடுவே பெரும்பாலும் மலைக்குள் குடைந்த சுரங்கத்தில் ஓடுகிறது. படகு நின்றாலும் பாதை மூடினாலும் இது ஓடும். ஆனால் போய் இறங்கினால் செய்ய என்ன இருக்கிறது? ஊர் என்பது ஒரு தெரு, ஒரு தேவாலயம், ஒரு படகுத்துறை. மழைக்கு ஒதுங்கிய கூட்டம் முழுக்க நான்கைந்து கடைகளுக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். ஐந்தில் ஒன்றான கொர்னீலியாவில் ரயிலடியிலிருந்து ஊருக்குப் போக, சிற்றுந்து கிடைக்காவிட்டால் ஏறத்தாழ 380 படிகள் வேறு ஏற வேண்டும், நனைந்த செங்கல் படிகள்.

அதனால் லிகூரியாதான் வேண்டும் என்றால் அந்த ஐந்து ஊர்களில் தங்காமல் ஜெனோவாவில் தங்குங்கள் என்பேன். மழை நாளுக்கென்றே கட்டின நகரம் போல இருக்கும். பழைய துறைமுகத்தை ஒட்டி சொத்தோரீபா என்று நீளமான வளைவுத் தாழ்வாரம். குடையே இல்லாமல் நடக்கலாம். இடையிடையே மீன் பொரிக்கும் சின்னச் சின்னக் கடைகள், கொண்டைக்கடலை மாவில் சுட்ட ஃபரினாத்தா. அப்புறம் யுனெஸ்கோ பட்டியலில் உள்ள, பழைய பிரபுக்களின் ரோல்லி மாளிகைகள், 1992இல் திறந்த மீன் காட்சியகம். வெயில் வந்த அன்று காலையில் ரயில் ஏறினால் போதும், மத்தியானத்துக்குள் வெர்நாட்சாவில் இருக்கலாம்.

அடுத்தது நேப்பிள்ஸுக்குத் தெற்கே அமால்ஃபி கரை. இதில்தான் நிறையப் பேர் தவறு செய்கிறார்கள். படத்தில் பார்த்த போசித்தானோவிலேயே ஐந்து இரவுக்கு, திருப்பித் தராத கட்டணத்தில் அறை போடுகிறார்கள். போசித்தானோவுக்கு ரயில் கிடையாது. ஒன்று படகு, இல்லையென்றால் மலையை ஒட்டி வளைந்து வளைந்து போகும் ஒற்றைச் சாலை. அலை எழும்பினால் படகு நிற்கும். பலத்த மழைக்குப் பிறகு பாறை விழுந்தால் சாலையும் அடைபடும். அப்போது அந்த அழகான சன்னலிலிருந்து மழையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான், அதுவும் அந்த விலைக்கு.

என்னைக் கேட்டால் சலேர்னோ. கரையின் கிழக்கு முனையில் இருக்கும் சாதாரணத் துறைமுக நகரம். அதிவேக ரயிலே வந்து நிற்கிறது. நேப்பிள்ஸ் 40 நிமிடம். ஏப்ரல் வாக்கில் படகுகள் தொடங்கியதும் அமால்ஃபிக்கு 35 நிமிடம், போசித்தானோவுக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல்.

ஒரு ஏப்ரல் காலையில் அந்தப் படகுத்துறைக்குப் போனேன். வானம் பளிச்சென்று இருந்தது, மழைக்கு அறிகுறியே இல்லை. சீட்டுக் கூண்டின் கண்ணாடியில் பேனாவால் எழுதிய ஒரு தாள் ஒட்டியிருந்தது: “மாரே மொஸ்ஸோ”. கடல் கொந்தளிப்பு. உள்ளே ஆள் இல்லை. கட்டியிருந்த படகின் கயிறு மட்டும் இறுகுவதும் தளர்வதுமாக இருந்தது. முந்தின இரவு எங்கோ அடித்த காற்றின் அலை இப்போதுதான் கரைக்கு வந்திருந்தது. வெயில் அடித்தால் படகு போகும் என்று நினைத்திருந்த எனக்கு அன்றுதான் புரிந்தது, வானத்தின் கணக்கு வேறு, கடலின் கணக்கு வேறு என்று.

பத்து நிமிட நடையில் ரயில் நிலையம். தெற்கே அரை மணி நேரத்துக்குச் சற்று மேல் போனால் பேஸ்தும். புல்வெளியில் மூன்று கிரேக்கக் கோயில்கள், கன்னியாகுமரியில் வள்ளுவர் சிலையைக் கண்டு நிற்கிற மாதிரி அண்ணாந்து பார்த்து நின்றேன். பத்தரை மணிக்கு மழை வந்துவிட்டது. சரி என்று அருங்காட்சியகத்துக்குள் ஒதுங்கினேன். அங்கே ஏறத்தாழ கி.மு. 480ஐச் சேர்ந்த ஒரு கல்லறைப் பலகை. வெண்சுதையில் ஒரு மெலிந்த இளைஞன் உயரத்திலிருந்து தண்ணீரில் தலைகீழாகப் பாய்கிறான். வேறு அதிகம் எதுவும் இல்லை, ஒரு மேடை, இரண்டு மரம், ஒரு வளைந்த நீர்ப்பரப்பு. படகு ஓடியிருந்தால் அவனைப் பார்த்தே இருக்கமாட்டேன். சலேர்னோவில் தங்கியதால் இந்த மாற்றத்துக்கு எனக்கு ஆனது ஒரு ரயில் சீட்டின் விலை மட்டும்தான்.

அதற்குக் காரணம் இருக்கிறது. இத்தாலியில் அதிவேக ரயில் கட்டணம் நாள் நெருங்க நெருங்க ஏறும். ஆனால் ‘ரீஜனாலே’ எனும் மண்டல ரயிலுக்கு விலை தூரத்தைப் பொறுத்ததே. அன்று காலை வாங்கினாலும் ஒரு மாதம் முன்பு வாங்கினாலும் ஒன்றுதான். காலையில் வானத்தைப் பார்த்துவிட்டு முடிவெடுக்கிற உரிமையை இந்த ரயில்தான் தருகிறது. காகிதச் சீட்டாக இருந்தால் ஏறுமுன் நடைமேடைப் பெட்டியில் முத்திரை குத்த மறக்காதீர்கள்.

சலெந்தோவைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இத்தாலியின் குதிகால் பகுதி. கிழக்கே அட்ரியாட்டிக் கடல், மேற்கே அயோனியக் கடல், நடுவே காரில் ஒரு மணி நேரத்துக்குள் கடந்துவிடலாம். அந்தப் பகுதிக்காரர்கள் காலையில் முதலில் காற்றைப் பார்ப்பார்கள். வடக்கிலிருந்து த்ரமொந்தானா வீசினால் மேற்கே கல்லிப்போலி பக்கம் போவார்கள், தெற்கிலிருந்து ஷிரோக்கோ வீசினால் கிழக்கே ஒத்ராந்தோ பக்கம். ஒரு பக்கம் கொந்தளித்தால் மறுபக்கம் அமைதியாக இருக்கும். நெகிழ்வான பயணத்துக்கு இதைவிட நல்ல நிலவமைப்பு கிடைக்காது. ஆனால் கார் ஓட்டத் தெரிந்தவர்களுக்கு மட்டும். ரயிலையும் பேருந்தையும் நம்பி இப்படிக் கரை மாற முடியாது. மழை நாளுக்கு லெச்சே நகரமும் அதன் காகிதக்கூழ்ச் சிற்பப் பட்டறைகளும் ஒரு நாளைக்குத் தாங்கும்.

கடைசியாகச் சிசிலித் தீவின் சிராகூசா, நான்கில் கடைக்கோடித் தெற்கு, வெயிலுக்கு அதிக வாய்ப்புள்ள இடம். மார்ச் கடைசியில் போவதென்றால் வேறு யோசனையே வேண்டாம். எப்போதாவது ஷிரோக்கோ சகாராத் தூசியைக் கொண்டுவந்து வானத்தை மஞ்சளாக்கும், அதையும் எதிர்பார்த்துப் போங்கள். மழை வந்தால் ஒர்த்தீஜியா தீவின் பேராலயத்துக்குள் நுழையுங்கள். கி.மு. 5ஆம் நூற்றாண்டில் கட்டிய அத்தேனா கோயிலின் தூண்கள் அப்படியே சுவருக்குள் நிற்கின்றன. தொட்டுப் பார்க்கலாம். கூடவே பாவோலோ ஒர்சி தொல்லியல் அருங்காட்சியகமும் இருக்கிறது.

இந்திய பாஸ்போர்ட்டில் போகிறவர்களுக்கு ஷெங்கன் விசாவுக்குத் தங்குமிடச் சான்று காட்ட வேண்டும் என்பதால் எல்லா இரவுக்கும் முன்பதிவு தேவைப்படும். அதனால் இலவசமாக ரத்து செய்யக்கூடிய அறைகளாகவே பாருங்கள், விலை சற்றுக் கூடினாலும் பரவாயில்லை. ஈஸ்டர் வாரம், ஏப்ரல் 25, மே 1 ஆகிய விடுமுறை நாட்களில் இத்தாலிக்காரர்களே கடலோரத்துக்கு வந்துவிடுவார்கள். அந்த இரவுகளை மட்டும் மாற்றாமல் உறுதியாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஏப்ரல் நடுவிலிருந்து என்றால் சலேர்னோ, அதற்கு முன்னால் என்றால் சிராகூசா, கார் இருந்தால் சலெந்தோ. லிகூரியாவை மே பிற்பகுதிக்குத் தள்ளிப்போடுங்கள். பத்து நாள் இருக்கிறவர்கள் சலேர்னோவையும் சிராகூசாவையும் சேர்த்துக்கொள்ளலாம். நடுவே ஓடும் ரயிலை சிசிலிக்கும் பெருநிலத்துக்கும் இடையிலுள்ள மெஸ்ஸீனா நீரிணையில் பகுதி பகுதியாகப் பிரித்துக் கப்பலுக்குள் ஏற்றி அக்கரை சேர்ப்பார்கள். மழை பெய்தாலும் மேல்தளத்துக்குப் போய் நில்லுங்கள்.