காதுக்குள் கட்டி: எந்த வழியாகப் போனால் கேட்கும் திறன் மிஞ்சும்?

கல்லிடைக்குறிச்சியில் இருக்கும் எங்கள் மதினி ஒரு வருஷமாகவே சொல்லிக்கொண்டிருந்தார்கள், போனை வலது காதில் வைத்தால் சத்தம் வருது, பேச்சு புரியல என்று. அழுக்காக இருக்கும் என்று விட்டுவிட்டோம். கடைசியில் திருநெல்வேலியில் எம்ஆர்ஐ எடுத்தபோது 1.3 செ.மீ. கட்டி. அகௌஸ்டிக் நியூரோமா என்கிறார்கள். காதெலும்புக்குள் நரம்பு போகும் குழாயில் முளைப்பது, புற்றுநோய் இல்லை.

எடுக்க மூன்று வழி. முதலாவது டிரான்ஸ்லாபிரிந்தைன். காதுக்குப் பின்னால் எலும்பைக் குடைந்து உள்காது வழியாகவே போவது. மூளையை அவ்வளவாக ஒதுக்க வேண்டாம், முகநரம்பு சீக்கிரமே கண்ணில் படும், பெரிய கட்டிக்கும் ஆகும். ஆனால் அந்தக் காது அன்றோடு போய்விடும். ஏற்கெனவே கேட்காத காது என்றால் நான் இதைத்தான் சொல்வேன், ஏனென்றால் முகநரம்பு அடிபட்டால் கண் மூடாது, வாய் கோணும், தண்ணீர் குடித்தால் வழியும்.

கேள்வியை, அதாவது கேட்கும் திறனை, காப்பாற்ற நினைத்தால் மற்ற இரண்டும்தான். மிடில் ஃபோசா என்பது காதுக்கு மேலே எலும்பில் ஜன்னல் மாதிரி திறந்து, மூளையைச் சற்றுத் தூக்கி மேலிருந்து இறங்குவது. குழாயின் கடைசி மூலை வரை தெரியும், சின்னக் கட்டிக்குக் கேள்வி மிஞ்ச நல்ல வாய்ப்பு. சிக்கல் என்னவென்றால் முகநரம்பு பெரும்பாலும் கட்டிக்கு மேலேயே கிடக்கும், அதைத் தாண்டித்தான் கை வைக்க வேண்டும். வயதானவர்களுக்கு மூளை உறை எலும்போடு ஒட்டிக் கிழியும் என்பதால் தயங்குவார்கள். ரெட்ரோசிக்மாய்டு பின்பக்கமாக, சிறுமூளையை ஒதுக்கிப் போவது. இடம் தாராளம், ஆனால் குழாயின் உள்மூலை சரியாகத் தெரியாது, துணுக்கு தங்கலாம். அப்புறம் தலைவலி சிலருக்கு மாதக்கணக்கில் இருக்கும்.

காமா நைஃப் என்ற கதிர்வீச்சு சிகிச்சை கட்டியை எடுக்காது, வளர்ச்சியைத்தான் நிறுத்தும். கேள்வி உடனே போகாது, வருஷங்களில் மெல்லக் குறையலாம்.

எந்த வழியிலும் உத்தரவாதம் கிடையாது. நரம்பை அறாமல் காப்பாற்றினாலும், உள்காதுக்கு ரத்தம் கொண்டுபோகும் மெல்லிய நாளம் சுருங்கிவிட்டால் கேள்வி போய்விடும். அதனால்தான் அறுவையின்போதே காதுக்குள் சத்தம் கொடுத்து, மூளைத்தண்டு வரை அலை போகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பார்கள். அந்த வசதி இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள், அடுத்து இந்த அறுவையை வருஷத்துக்கு எத்தனை செய்கிறீர்கள் என்று. இன்னொன்று, மிஞ்சுவது இப்போது இருக்கும் கேள்விதான். போனது திரும்பாது.

மதினிக்கு ஹெட்போன் மாட்டி 25 சொல் சொன்னதில் வலது காதில் 19 சரி. பாதிக்கு மேல் புரிந்தால் அந்தக் காது காப்பாற்றத் தக்கது என்பது பொதுக் கணக்கு. கட்டி குழாயை விட்டு வெளியேயும் நீட்டியிருப்பதால் ரெட்ரோசிக்மாய்டு என்று முடிவாகியிருக்கிறது, ஆனித் தேர் முடிந்த மறுவாரம். அந்தக் கேட்புச் சோதனையின் ஆடியோகிராம் தாளை ஃபைலில் எல்லாவற்றுக்கும் மேலே வைத்திருக்கிறோம்.