யெஸ், நோ கேட்கும் பெட்டி: அட்மின் கணக்கா, ஸ்டாண்டர்ட் கணக்கா?

புதிதாக ஒரு புரோகிராமை நிறுவப் போனால் திரை சட்டென்று மங்கி, நடுவில் ஒரு பெட்டி வந்து நிற்கும். இந்தச் செயலி கணினியில் மாற்றம் செய்யலாமா என்று கேட்கும். யெஸ், நோ என்று இரண்டு பொத்தான்கள் இருக்கும். விண்டோஸில் இதற்குப் பெயர் யூசர் அக்கவுண்ட் கண்ட்ரோல், சுருக்கமாக யூஏசி. 2007இல் விண்டோஸ் விஸ்டாவோடு வீடுகளுக்கு வந்தது. அப்போது தொட்டதற்கெல்லாம் கேட்டதால் பலர் எரிச்சல்பட்டு அணைத்தே விட்டார்கள். 2009இல் விண்டோஸ் 7 வந்தபோது, எவ்வளவு கேட்க வேண்டும் என்று நாமே வைத்துக்கொள்ள நான்கு படிகள் கொடுத்தார்கள். இன்றைய விண்டோஸ் 11 வரை அதே நான்கு படிதான்.

அடிப்படியில் வைத்தால் எதுவும் கேட்காது. நீங்கள் அட்மின் கணக்கில், அதாவது கணினியில் எதையும் மாற்றும் அதிகாரமுள்ள கணக்கில் இருந்தால், எந்த புரோகிராம் கேட்டாலும் சத்தமில்லாமல் முழு அதிகாரம் கிடைத்துவிடும். வீட்டுக் கணினியில் இதை வைக்கவே கூடாது.

அதற்கு மேல்படியில் பெட்டி வரும், திரை மட்டும் மங்காது. பார்க்க வசதிதான். ஆனால் அந்த மங்கல் அழகுக்காக வைத்தது இல்லை. திரை மங்கும்போது விண்டோஸ் தனியாக வேறொரு திரைக்குப் போய்விடுகிறது. பின்னால் ஓடும் வேறு புரோகிராம் அங்கே வந்து நமக்குப் பதிலாக யெஸ் அழுத்த முடியாது. அதை ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்?

மிச்சம் இரண்டு. கணினி வாங்கும்போதே இருக்கும் படி, விண்டோஸின் சொந்த அமைப்புகளை நாம் மாற்றினால் கேட்காது, வெளி புரோகிராம் என்றால் கேட்கும். நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் விண்டோஸின் சொந்தக் கருவிகளுக்குத் திறந்துவிட்ட அந்தக் கேள்வியில்லாத வழியில் தீய நிரல்களும் புகுந்து போகலாம் என்று 2009லேயே செய்து காட்டிவிட்டார்கள். உச்சப்படி அந்த வழியைப் பெருமளவு அடைத்துவிடுகிறது. பதிலுக்கு, ஓடும் புரோகிராம்களைக் காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்தால்கூடக் கேட்கும். அட்மின் கணக்கிலேயே இருப்பேன் என்பவருக்கு நான் உச்சப்படியைத்தான் சொல்வேன். இரண்டு நாளில் பழகிவிடும்.

ஆனால் எந்தப் படி என்பதைவிட, தினமும் எந்தக் கணக்கில் உட்காருகிறோம் என்பதுதான் பெரிய விஷயம். புதுக் கணினியில் நாம் தொடங்கும் முதல் கணக்கு அட்மின் கணக்கு. பெரும்பாலான வீடுகளில் அப்பா, அம்மா, பிள்ளைகள் எல்லோரும் அதிலேயே உட்காருகிறார்கள். அங்கே பெட்டி வந்தால் ஒரு கிளிக் போதும், கதவு திறந்துவிடும். நூறு தடவை யெஸ் அழுத்திப் பழகிய விரல் நூற்றியோராவது தடவை படித்துப் பார்க்காது. அந்த அதிகாரம் இல்லாத சாதாரணக் கணக்கான ஸ்டாண்டர்ட் கணக்கில் அதே பெட்டி அட்மினின் பாஸ்வேர்டைக் கேட்கும். தட்டச்சு செய்ய ஆகும் அந்த ஐந்து நொடியில், என்ன கேட்கிறது என்று கண் தானாகப் படிக்கிறது.

எங்கள் வீட்டில் ஸ்டாண்டர்ட் கணக்குக்கு மாற்றியபின் இதைக் கண்கூடாகப் பார்க்கிறேன். முன்பு விளையாட்டுக்கு ஏதாவது இறக்கினால் பையன் பாட்டுக்கு யெஸ் அழுத்திவிடுவான். இப்போது "அப்பா, பாஸ்வேர்ட் கேக்குது" என்று வந்து நிற்கிறான். சேர்ந்து உட்கார்ந்து பார்க்கிறோம். பெட்டியின் தலைப்பு நீலமா, மஞ்சளா? மஞ்சள் என்றால் வெளியிட்டவர் யார் என்று விண்டோஸால் உறுதி செய்ய முடியவில்லை. அதோடு, நாமாக எதையும் தொடங்காதபோது பெட்டி வந்தால் யோசிக்கவே வேண்டாம், நோதான்.

ஸ்டாண்டர்ட் கணக்கிலும் சிரமம் உண்டு. பாஸ்வேர்ட் கொடுத்து நிறுவும்போது அந்த நிறுவி அட்மின் கணக்கின் பெயரில் ஓடுகிறது; அதனால் சில புரோகிராம்களின் ஐகானும் அமைப்புகளும் அங்கே போய் உட்கார்ந்துவிடும். பழைய புரோகிராம் சில ஒவ்வொரு முறை திறக்கும்போதும் பாஸ்வேர்ட் கேட்டு உயிரை வாங்கும். அதற்காக யூஏசியை அணைக்காதீர்கள். முதலில் அதன் புதிய பதிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். புரோகிராம்கள் வழக்கமாக நிறுவப்படும் புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள் எழுத முயல்வதுதான் காரணம் என்றால், வேறு ஃபோல்டரில் நிறுவினாலே சில சமயம் கேட்பது நின்றுவிடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எந்தப் படியும் எந்தக் கணக்கும் உங்கள் குடும்பப் படங்களைக் காப்பாற்றாது. உங்கள் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேருக்கு அட்மின் அதிகாரமே தேவையில்லை. நீங்கள் திறக்க முடிகிற எதையும் உங்கள் பெயரில் ஓடும் புரோகிராமும் திறக்கும். அதற்குத் தனியாக ஒரு வெளி ஹார்டு டிஸ்கில் பேக்கப் எடுத்து, எடுத்தபின் கழற்றி வையுங்கள்.

மாற்றுவதென்றால் வரிசை முக்கியம். செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ் போய் முதலில் புதிதாக இரண்டாவது கணக்கு ஒன்றை உருவாக்கி, அதை அட்மின் ஆக்கி, பாஸ்வேர்ட் போட்டு, ஒருமுறை உள்ளே போய்ப் பாருங்கள். அது சரியாகத் திறந்த பிறகுதான், அங்கிருந்தே உங்கள் பழைய கணக்கை ஸ்டாண்டர்டாக மாற்ற வேண்டும். படங்கள், கோப்புகள் எல்லாம் பழைய இடத்திலேயே இருக்கும். அட்மின் பாஸ்வேர்டை ஒரு தாளில் எழுதி, பிள்ளைகள் கைக்கு எட்டாத அலமாரியில் வையுங்கள்.