19 மில்லிமீட்டர் உயரத்திலிருந்து: மாடல் ரயில் படங்களோடு ஏழு வருடம்

சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் நடுவே மீட்டர் கேஜ் மின்சார ரயில் ஓடிய காலத்தில் வளர்ந்தவன் நான். 1931-ல் தொடங்கிய அந்த ஓட்டம் 2004-ல் நின்றுபோனது. 2018-ல் மாடி அறையில் எட்டடிக்கு நாலடி பிளைவுட் ஒன்றைப் போட்டு, அந்த நாளைய ஸ்டேஷன் ஒன்றை எச்.ஓ. அளவில், அதாவது 87-ல் ஒரு பங்காக, கட்டத் தொடங்கினேன். அன்றிலிருந்து மாதம் ஒரு தடவையாவது படம் எடுத்து, இதே ஈடுபாடுள்ள ஏழெட்டு நண்பர்களுக்கு அனுப்பி வருகிறேன். அவர்களும் அனுப்புகிறார்கள். இத்தனை வருடத்தில் எது உதவியது, எதை விட்டேன் என்பதை எழுதி வைக்கத் தோன்றியது.

முதல் வருடப் படங்களை இப்போது பார்த்தால் எல்லாமே மேலிருந்து எடுத்தவை. நேரில் பார்க்கும்போது அழகாக இருந்த ஸ்டேஷன், படத்தில் மேசை மேல் வைத்த பொம்மையாகத் தெரிந்தது. காரணத்தைக் கோயம்புத்தூர் நண்பர்தான் கணக்குப் போட்டுச் சொன்னார். ஆளின் கண் தரையிலிருந்து சுமார் 1.65 மீட்டர் உயரத்தில் இருக்கும். அதை 87-ஆல் வகுத்தால் 19 மில்லிமீட்டர். போனை நிமிர்த்திப் பலகை மேல் வைத்தால் லென்ஸ் 14 சென்டிமீட்டர் உயரத்தில் நிற்கும். அந்த உலகத்தில் அது 12 மீட்டர். நாலாவது மாடியிலிருந்து எட்டிப் பார்க்கிற மாதிரி. போனைத் தலைகீழாகத் திருப்பி வைத்தால் போதும், லென்ஸ் பிளாட்பாரத்தில் நிற்கும் பயணியின் கண்மட்டத்துக்கு இறங்கிவிடும். காசு செலவில்லாத இந்த ஒரு மாற்றம்தான் ஏழு வருடத்தில் எனக்குக் கிடைத்த பெரிய லாபம்.

கண்மட்டத்துக்கு இறங்கியதும் வேறு குறைகள் வெளியே வந்தன. தண்டவாளத்தின் பக்கவாட்டுப் பளபளப்பு, தரையில் ஒட்டாமல் மில்லிமீட்டர் அளவு தூக்கி நின்ற கட்டடம், எல்லாவற்றுக்கும் மேலாக ஜல்லி. நிஜத்தில் 65 மில்லிமீட்டர் வரை இருக்கும் ஜல்லி, இந்த அளவில் முக்கால் மில்லிமீட்டர்தான் இருக்க வேண்டும். நான் சலிக்காமல் போட்ட எம்-சாண்ட் படத்தில் பாறாங்கற்களாகத் தெரிந்தது. நான்கு நாள் உட்கார்ந்து சுரண்டி எடுத்து, மாவுச் சல்லடையில் சலித்து மறுபடி போட்டேன். வெறும் கண் மன்னித்துவிடுகிற தப்பைக் கேமரா மன்னிக்காது. அதனால்தான் இப்போது எந்த வேலையும் பசை காயும் முன்பே ஒரு படம் எடுத்துப் பார்க்கிறேன்.

கேமராவைப் பற்றி. ஒரு வருடம் பெரிய டி.எஸ்.எல்.ஆர். வைத்து முயன்றேன். இவ்வளவு கிட்டத்தில் எடுக்கும்போது இன்ஜினின் முன்முனையில் இருக்கும் பஃபர் துல்லியமாக விழும், பின்னாலுள்ள பெட்டி மங்கிவிடும். அந்த மங்கலே பொம்மை என்று காட்டிக்கொடுத்துவிடும். போனின் சென்சார் சிறியது என்பதால் முன்னும் பின்னும் ஓரளவு தெளிவாக வரும். இன்னும் தெளிவு வேண்டுமென்றால், போனை அசையாமல் வைத்து, ஃபோகஸை மட்டும் முன்னிருந்து பின்னுக்கு நகர்த்திப் பத்துப் படங்கள் எடுத்து அடுக்கிச் சேர்க்கிறேன். ஹ்யூகின், என்ஃபியூஸ் என்ற இலவச மென்பொருள்கள் இதற்குப் போதும். ஒரு படத்துக்கு அரை மணி நேரம் ஆகிறது. எல்லாப் படத்துக்கும் இது தேவையில்லை.

வெளிச்சத்தில்தான் ஒரு நண்பரின் உழைப்பு வீணாகக் காரணமானேன். மஞ்சள் எல்.இ.டி. பட்டை வெளிச்சத்தில் எடுத்த பெட்டிப் படத்தை அவருக்கு அனுப்பினேன். அதைப் பார்த்து அவர் பெயின்ட் கலந்து மூன்று பெட்டிகளுக்கு அடித்துவிட்டார். பகல் வெளிச்சத்தில் பார்த்தால் நிறம் சம்பந்தமே இல்லை. கோபப்படாமல், "பரவாயில்ல சார், மறுபடி அடிச்சுக்கறேன்" என்றார். அதிலிருந்து நிறம் முக்கியமான படம் என்றால் ஜன்னலோர வெளிச்சத்தில், ஓரத்தில் ஒரு வெள்ளைத் தாள் வைத்துத்தான் எடுக்கிறேன். தாள் மஞ்சளாகத் தெரிந்தால் படத்தின் நிறத்தை நம்பக் கூடாது என்று பார்ப்பவருக்கே புரியும்.

எங்களில் ஒருவர் ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர். அவர் மாடல் கட்டுவதில்லை, பார்ப்பதோடு சரி. ஆனால் நான் அதிகம் காத்திருப்பது அவர் பதிலுக்குத்தான். ஒரு முறை ஸ்டேஷன் முழுவதும் தெரிகிற படத்தை அனுப்பினேன். "தம்பி, நல்லா இருக்கு. ஆனா கைகாட்டி வலப்பக்கம் நிக்குதே, டிரைவர் எப்படிப் பாப்பான்?" என்று கேட்டார். நம் ரயில்வேயில் சிக்னல் ஓட்டுநருக்கு இடப்பக்கம் இருப்பது வழக்கம். இரண்டு வருடமாக அது தப்பான பக்கம் நின்றிருக்கிறது. கிட்டத்தில் எடுத்த நூறு படங்களில் வெளிவராத பிழை அந்த ஒரு அகலப் படத்தில் வெளிவந்தது.

இனி அனுப்புகிற முறை. சாட் செயலிகளில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும். ரிவெட் வரிசைகள் எல்லாம் கரைந்துபோகும். அதனால் ஃபைலாக, டாக்குமென்டாக அனுப்புகிறேன். ஒரு எச்சரிக்கை: ஃபைலாக அனுப்பினால் படத்துக்குள் பதிந்திருக்கும் இருப்பிடத் தகவலும் கூடவே போய்விடும். வீட்டு மாடியில், சேர்க்கச் சேர்க்க விலை ஏறிக்கொண்டே போகும் பொருள்களைப் படம் எடுக்கிறோம். கேமரா அமைப்பில் இருப்பிடப் பதிவை நிறுத்திவிட்டு எடுப்பது நல்லது. இலவசச் சேமிப்புத் தளம் ஒன்றை நம்பியிருந்தபோது இரண்டு வருடப் படக்குறிப்புகளை இழந்தேன். படங்கள் போனிலேயே இருந்தன, எந்தப் பசை, எந்த பெயின்ட் என்று எழுதிய வரிகள் போய்விட்டன. இப்போது குறிப்பு ஃபைலின் பெயரிலேயே இருக்கிறது, பிரதி இரண்டு ஹார்ட் டிஸ்க்கில்.

பாராட்டு அதிகம் கிடைப்பது மாலை வெளிச்சம் போல அமைத்து எடுத்த படங்களுக்குத்தான். ஆனால் நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்டு வாங்குவது வேறு: இன்ச் டேப் பக்கத்தில் வைத்து எடுத்த பிளாட்பாரம், பாதி ஒட்டிய கூரை, பலகைக்கு அடியில் ஓடும் வயர்கள். அந்த வயர் படங்களை அனுப்பத் தொடக்கத்தில் எனக்குக் கூச்சமாக இருந்தது. போன மாதம் இரவு பத்து மணிக்கு, வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு, கோயம்புத்தூர் நண்பர் அழைத்தார். ரயிலை ஒரு தடத்திலிருந்து இன்னொரு தடத்துக்கு மாற்றிவிடும் அவருடைய பாயின்ட் மோட்டார் ஒரு பக்கம் மட்டும் திரும்புகிறது, மறுநாள் அண்ணன் பிள்ளைகள் ஓட்டிப் பார்க்க வருகிறார்கள் என்றார். 2021-ல் எடுத்த அடிப்பலகைப் படத்தைத் தேடி அனுப்பினேன். பத்து நிமிடம் கழித்து அவரிடமிருந்து ஒரு படம் வந்தது. சிவப்பு வயர் நடு முனையில் இருந்தது, பாயின்ட் திரும்பியிருந்தது.