அரசமைப்புச் சட்டம், இலவச பிடிஎஃப்: தயவுசெய்து முதல் பக்கத்திலிருந்து படிக்காதீர்கள்

மத்திய சட்ட அமைச்சகத்தின் இணையதளத்தில் இந்திய அரசமைப்புச் சட்டம் முழுவதும் பிடிஎஃப்பாகக் கிடைக்கிறது. காசு கிடையாது, தமிழிலும் இருக்கிறது. ஆனால் போட்டித் தேர்வு எழுதுபவர்களைத் தவிர யாரும் அதைத் திறந்து பார்ப்பதாகத் தெரியவில்லை, அவர்களும் பெரும்பாலும் கைடு வாங்கித்தான் படிக்கிறார்கள். ஃபோன் வாங்கினால் பத்து ரிவ்யூ பார்க்கிறோம். நம்மை ஆளுகிற சட்டத்துக்கு ஒரு ரிவ்யூகூட இல்லையே என்றுதான் இதை எழுதுகிறேன்.

படிக்கலாமா என்றால் கண்டிப்பாகப் படிக்கலாம். ஆனால் முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் போனால், குடியரசுத் தலைவர் தேர்தலில் ஒரு எம்.எல்.ஏ. ஓட்டுக்கு என்ன மதிப்பு என்று கணக்குப் போடும் இடத்துக்குள் தூக்கம் வந்துவிடும்.

பள்ளியில் நமக்குச் சொல்லிக்கொடுத்தது என்ன? 1949 நவம்பர் 26இல் ஏற்றார்கள், 1950 ஜனவரி 26இல் நடைமுறைக்கு வந்தது, வரைவுக் குழுத் தலைவர் அம்பேத்கர், ஆரம்பத்தில் 395 பிரிவுகள், 8 அட்டவணைகள். ஐந்து மதிப்பெண் கேள்விக்குப் போதும். தெருவில் சாக்கடை அடைத்துக்கொண்டால் யாரிடம் போவது, யாரிடம் போனால் வீண் என்பதற்கு இதில் ஒன்றுமே உதவாது. இந்த நூலின் உண்மையான பயன் அங்கேதான் இருக்கிறது, அதுவும் கடைசிப் பக்கங்களில்.

அதனால் ஏழாவது அட்டவணையிலிருந்து தொடங்குங்கள். எந்த விஷயத்தில் மத்திய அரசு சட்டம் போடலாம், எதில் மாநிலம், எதில் இரண்டும் என்று பிரிக்கும் மூன்று பட்டியல்கள்: மத்தியப் பட்டியலில் வரிசை எண் 97 வரை போகிறது, மாநிலப் பட்டியலில் 66 வரை, இருவருக்குமான பொதுப் பட்டியலில் 47 வரை. பார்க்க மளிகைக் கடை லிஸ்ட் மாதிரிதான் இருக்கும். ஆனால் ஊரில் பாதி சண்டைக்கு விளக்கம் இதற்குள் இருக்கிறது. ரயில்வே கேட் இருக்கும் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்வது உடனே புரியும்: தண்டவாளத்துக்கு மேலே மட்டும் பாலம் அழகாக நிற்கும், இரண்டு பக்கமும் ஏறுவதற்கு வழி இருக்காது, வருஷக்கணக்கில் அப்படியே நிற்கும், ஊரே ரயில்வேயைத் திட்டும். பட்டியலை எடுத்துப் பாருங்கள். ரயில்வே மத்தியப் பட்டியலில் 22. தேசிய நெடுஞ்சாலை தவிர்த்த சாதாரண சாலைகள் மாநிலப் பட்டியலில் 13. நிலம் கையகப்படுத்துவது பொதுப் பட்டியலில் 42. தண்டவாளத்துக்கு மேலிருக்கும் பகுதியை ரயில்வே கட்டுகிறது, ஏறுபாதையைப் பெரும்பாலும் மாநில நெடுஞ்சாலைத் துறை கட்ட வேண்டியிருக்கிறது, அதற்கு நிலம் எடுப்பதில் வழக்கு வந்தால் அவ்வளவுதான். இது தெரிந்தவர் எம்.பி.யிடம் மனு கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்க மாட்டார், நெடுஞ்சாலைத் துறைக்கும் ஒன்று தட்டிவிடுவார். தெரியாதவர்களிடம் தேர்தல் நேரத்தில் இரண்டு பக்கத்து வேட்பாளர்களும் வந்து அடுத்தவர்மேல் பழி போட்டுவிட்டுப் போவார்கள், நாமும் கை தட்டுவோம்.

கல்வி யாருடையது என்று அடிக்கடி கிளம்பும் சண்டைக்கும் இதே பட்டியல்தான். 1976 வரை மாநிலப் பட்டியலில் இருந்ததை 42ஆவது திருத்தம் பொதுப் பட்டியலுக்குக் கொண்டுபோனது. டிவி விவாதத்தில் ஒரு மணி நேரம் கத்துவதை இந்த ஒரு வரியைப் படித்துவிட்டுக் கேட்டால், யார் விஷயத்தோடு பேசுகிறார், யார் சும்மா அளக்கிறார் என்று தெரிந்துவிடும்.

அப்புறம் 11ஆவது, 12ஆவது அட்டவணைகள். ஒன்று ஊராட்சிகளுக்கு, 29 இனங்கள். இன்னொன்று நகராட்சி, மாநகராட்சிகளுக்கு, 18 இனங்கள். குடிநீர், குப்பை, பூங்கா, சுடுகாடு, பஸ் ஸ்டாப், தெருவிளக்கு வரைக்கும் எழுதியிருக்கிறார்கள். ஆமாம், தெருவிளக்கு அரசமைப்புச் சட்டத்தில் இருக்கிறது. 1992இல் நிறைவேறி அடுத்த ஆண்டு அமலுக்கு வந்த 73, 74ஆவது திருத்தங்கள் இவற்றைச் சேர்த்தன. ஆனால் உடனே சந்தோஷப்பட வேண்டாம். இந்த அதிகாரங்களை உள்ளாட்சிகளுக்கு மாநில சட்டமன்றம் கொடுக்கலாம் என்றுதான் 243ஜி, 243டபிள்யூ பிரிவுகள் சொல்கின்றன, கொடுத்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. கவுன்சிலர் கையை விரிப்பதற்கு இது ஒரு காரணம் (எல்லா நேரமும் இல்லை, சில பேர் சும்மாவே விரிப்பார்கள்). கிராமத்தில் இருப்பவர்கள் 243ஏ பிரிவையும் பார்த்துவிடுங்கள், கிராம சபை அங்கேதான் வருகிறது. வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் நீங்களும் அதில் உறுப்பினர், யாரும் உங்களை நியமிக்க வேண்டியதில்லை.

பகுதி மூன்று, அடிப்படை உரிமைகள். இதைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள் என்பதால் ஒரே ஒரு பிரிவைச் சொல்கிறேன்: 22. கைது செய்தால் காரணத்தைச் சொல்ல வேண்டும், வக்கீலைப் பார்க்க விட வேண்டும், பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும். அருமை என்று நினைத்துக்கொண்டு கீழே இறங்கினால், அதே பிரிவிலேயே தடுப்புக் காவல் சட்டத்தில் (குற்றம் செய்துவிடுவார் என்று முன்கூட்டியே உள்ளே வைப்பது) பிடிக்கப்பட்டவருக்கு இந்தப் பாதுகாப்பு பொருந்தாது என்று வருகிறது. குண்டர் சட்டத்தில் உள்ளே போட்டார்கள் என்ற செய்தியைப் படிக்கும்போது இது ஞாபகம் வரும். மேல் பாதியை மட்டும் போஸ்டராக அடித்து மாட்டுபவர்கள் கீழ்ப் பாதியையும் சேர்த்து அடித்தால் நல்லது. உரிமை பறிபோனால் 32ஆவது பிரிவில் நேராக உச்ச நீதிமன்றம் போகலாம், 226இல் உயர் நீதிமன்றம். நம்மில் பெரும்பாலானவர்களுக்கு நடைமுறையில் 226தான், டெல்லிக்குப் போக யாரிடம் காசு இருக்கிறது?

சரி, குறைகள். பெரிய குறை, இந்த நூல் தன் கதையைத் தானே சொல்லாது. 21ஆவது பிரிவு ஒரே வாக்கியம், உயிரும் தனிமனித சுதந்திரமும் பற்றியது. அந்த ஒரு வாக்கியத்திலிருந்துதான் முக்கியமாக, 2017இல் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்க உரிமையும் அடிப்படை உரிமைதான் என்று தீர்ப்பு சொன்னார்கள். பிடிஎஃப்பில் எவ்வளவு தேடினாலும் அது கிடைக்காது. அதேபோல, பிற்படுத்தப்பட்டோருக்குச் சிறப்பு ஏற்பாடு செய்ய அரசுக்கு வழிவிடும் 15(4)க்கு அடிக்குறிப்பில் 1951இல் முதல் திருத்தம் சேர்த்தது என்று மட்டும் இருக்கும். கல்லூரி இடங்களைச் சமூகவாரியாகப் பிரித்துக் கொடுத்த சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி ஆணையைச் செண்பகம் துரைராஜன் வழக்கில் நீதிமன்றம் ரத்து செய்தது, இங்கே கிளர்ச்சி வெடித்தது, அதன்பிறகுதான் அந்த உட்பிரிவே வந்தது என்பதெல்லாம் நீங்களாகத் தேடிப் படிக்க வேண்டியது. நம்ம ஊர் சண்டையில் பிறந்த வரி என்று தெரியாமலே தாண்டிப் போய்விடுவோம். சில சட்டங்களை நீதிமன்றம் ரத்து செய்யாமல் பாதுகாப்பதற்கென்று வைத்த ஒன்பதாவது அட்டவணையில் 257ஏ என்ற எண்ணில் தமிழ்நாட்டின் 69 சதவீத இட ஒதுக்கீட்டுச் சட்டம் உட்கார்ந்திருக்கிறது, அதுவும் வெறும் சட்டத்தின் பெயராக, ஒரு வரியில்.

அடிக்குறிப்புகள் கண்ணைக் குத்தும். நூறு தடவைக்கு மேல் திருத்திய சட்டம், அதனால் பக்கத்துக்குப் பக்கம் எண்ணும் நட்சத்திரமும். முதல் வாசிப்பில் எல்லாவற்றையும் தாண்டிவிடலாம். தமிழ்ப் பதிப்பின் நடை கொஞ்சம் இறுக்கம், ஒரு வாக்கியம் முடிவதற்குள் ஆரம்பம் மறந்துவிடும். நான் ஆங்கிலத்தையும் பக்கத்தில் திறந்துவைத்துக்கொண்டுதான் படிக்கிறேன். ஆங்கிலமும் வக்கீல் ஆங்கிலம்தான், இரண்டும் சேர்ந்தால் ஒருவழியாகப் புரிகிறது. ஃபோனில் படிப்பது கஷ்டம், எழுத்து பொடி. பகுதி மூன்றையும் ஏழு, பதினொன்று, பன்னிரண்டு அட்டவணைகளையும் மட்டும் பிரிண்ட் எடுத்து வைத்துக்கொண்டால் வீட்டில் மற்றவர்களும் புரட்டுவார்கள்.

மாணவர்களுக்கு மட்டும்தானே இது என்று நினைப்பவர்களுக்கு: வீட்டு வரி கட்டுபவர், ரேஷன் கடையில் நிற்பவர், பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பவர், எல்லோருக்கும்தான். ஆறு முதல் பதினான்கு வயது வரை இலவசக் கட்டாயக் கல்வி என்பது 2002இல் சேர்த்த 21ஏ. சேர்க்கைக்குப் போகும்போது அதைப் படித்துவிட்டுப் போவதற்கும் படிக்காமல் போவதற்கும், எதிரில் உட்கார்ந்திருப்பவர் பேசும் தொனியே மாறும்.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் கொடுப்பேன், ஒன்றைக் குறைத்தது நல்ல முன்னுரையும் பொருள் அகராதியும் இல்லாததற்கு. தரவிறக்கும்போது முகப்பில் எந்தத் தேதி வரைக்குமான திருத்தங்கள் சேர்ந்திருக்கின்றன என்று பாருங்கள், தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் அந்தத் தேதி ஒன்றாக இருக்கும் என்று நம்ப வேண்டாம். பழைய புத்தகக் கடையில் மலிவாகக் கிடைத்தால் முதலில் 279ஏ இருக்கிறதா என்று புரட்டிப் பாருங்கள், ஜிஎஸ்டி கவுன்சில் பற்றிய பிரிவு, 2016இல் வந்தது. அது இல்லையென்றால் அதற்கும் முந்தைய பதிப்பு, கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம்.