ஃப்யூவல் பம்ப் போச்சா? ரீகால், ஷோரூம் அசெம்பிளி, வெளி பம்ப், மலிவு பம்ப்: எது எப்போ சரி

பம்ப் போயிடுச்சுன்னு மெக்கானிக் சொன்ன உடனே நம்ம முன்னாடி அஞ்சு வழி இருக்கு. ரீகால்ல (தயாரிப்புல குறை இருக்குன்னு கம்பெனியே வண்டியத் திரும்பக் கூப்பிட்டு சரி பண்றது) வருதான்னு பார்த்து இலவசமா மாத்திக்கிறது, ஷோரூம்ல முழு அசெம்பிளி வாங்குறது, கார் கம்பெனிங்களுக்கே பம்ப் செஞ்சு குடுக்குற டென்ஸோ, பாஷ் மாதிரி ஆளுங்களோட பம்ப்ப அவங்க டப்பாவுலயே வெளிய வாங்குறது, பேர் தெரியாத மலிவு பம்ப், அப்புறம் உடைச்ச வண்டியில இருந்து கழட்டுன பழசு. எது பெஸ்ட்னு கேட்டா வண்டிக்கு வண்டி பதில் மாறும், ஆனா காசு எடுக்குறதுக்கு முன்னாடி சேசிஸ் நம்பரப் போட்டு ரீகால் செக் பண்ணணும்ங்கறது மட்டும் எல்லா வண்டிக்கும் ஒண்ணுதான்.

ரீகால இவ்ளோ அழுத்திச் சொல்றதுக்குக் காரணம், டேங்க்குக்குள்ள இருக்குற பம்ப்புலதான் சமீபத்துல ரொம்பப் பெரிய ரீகாலெல்லாம் வந்திருக்கு. டென்ஸோ செஞ்ச பம்ப்புல இம்பெல்லர்னு ஒரு சின்ன பிளாஸ்டிக் சக்கரம் இருக்கும், அதுதான் சுத்தி பெட்ரோலத் தள்ளும். அத அடர்த்தி கம்மியா மோல்டு பண்ணிட்டாங்க, அது பெட்ரோல உறிஞ்சி கொஞ்சம் கொஞ்சமா உப்பி பக்கத்துச் சுவர்ல உரச ஆரம்பிச்சு ஒரு கட்டத்துல சுத்தாம நின்னுடும். பம்ப் நின்னா எஞ்சினும் நிக்கும், அது ஹைவேல ஓடும்போதும் நடக்கலாம். 2020 ஜனவரில டொயோட்டா அமெரிக்காவுல சுமார் 7 லட்சம் வண்டியோட ஆரம்பிச்சாங்க, அதே வருஷம் அக்டோபருக்குள்ள உலகம் முழுக்க 58 லட்சத்தத் தாண்டிடுச்சு. ஹோண்டா 2023 டிசம்பர்ல அமெரிக்காவுல மட்டும் சுமார் 26 லட்சம் வண்டியக் கூப்பிட்டாங்க. அதனால ரீகால் முதல்ல வந்தப்போ நம்ம வண்டி லிஸ்ட்ல இல்லன்னு விட்டுடாதீங்க, இந்த லிஸ்ட் வருஷக்கணக்கா நீண்டுக்கிட்டே வந்திருக்கு, அப்பப்போ திரும்பப் பாருங்க.

ஆனா இந்த அஞ்சையும் ஒப்பிடறதுக்கு முன்னாடி பம்ப்தான் போச்சான்னு உறுதி பண்ணிக்கங்க, ஏன்னா நல்லா இருக்குற பம்ப்ப மாத்திட்டு அதே பிரச்சனையோட திரும்பி வர்றவங்க நிறைய பேர். சாவிய ஆன்ல வச்சதும் பின்சீட்டுக்கு அடில ரெண்டு செகண்டு உய்ங்னு ஒரு சத்தம் வரணும் (சில வண்டில கதவத் திறக்கும்போதே வந்துடும்). சத்தமே இல்லன்னா முதல்ல ஃப்யூஸ், அப்புறம் ரிலே (பம்ப்புக்குக் கரண்ட் போக விடுற சுவிட்ச்). பக்கத்துல அதே நம்பர் ரிலே ஒண்ணு இருந்தா மாத்திப் போட்டுப் பாருங்க. ரிலே சரின்னா பம்ப் கனெக்டர்ல கரண்ட் வருதா, பின் கருகியிருக்கா, எர்த் ஒயர் துரு புடிச்சிருக்கான்னு பார்க்கணும். சத்தம் வருது ஆனா வண்டி இழுக்கலன்னா பிரஷர் கேஜ் மாட்டாம முடிவுக்கு வராதீங்க. சாதாரண பெட்ரோல் இன்ஜெக்ஷன் வண்டில 3லிருந்து 4 பார் பக்கம் இருக்கும், உங்க வண்டிக்கு எவ்ளோன்னு சர்வீஸ் மேனுவல்ல போட்டிருக்கும். சூடானதும் நிக்குது, ஆறினதும் ஸ்டார்ட் ஆகுதுங்கற கதைய கிராங்க் சென்சாரும் (எஞ்சின் சுத்துறத வண்டியோட கம்ப்யூட்டருக்குச் சொல்றது) பண்ணும், அதையும் பார்த்துடுங்க. ராத்திரி நிறுத்திட்டு காலைல மட்டும் நிறைய நேரம் சுத்தினாதான் ஸ்டார்ட் ஆகுது, ஆனா சாவிய ரெண்டு மூணு தடவ ஆன் ஆஃப் பண்ணிட்டு அடிச்சா டக்குனு புடிச்சுக்குதுன்னா லைன்ல பிரஷர் இறங்கிடுதுன்னு அர்த்தம். அது பெட்ரோல் திரும்பி இறங்காம தடுக்குற, பம்ப்புக்குள்ள இருக்குற செக் வால்வாவும் இருக்கலாம், எஞ்சினுக்கு பெட்ரோல் பீச்சுற இன்ஜெக்டர் ஒழுகுறதாவும் இருக்கலாம்.

பம்ப்தான்னு உறுதியாச்சுன்னா ரீகால் வழி. காசு இல்ல, திருத்தி டிசைன் பண்ண பம்ப்பே போடுவாங்க, வேலைக்கு ரெக்கார்டும் இருக்கும். இதுல இருக்குற ஒரே குறை காத்திருக்கிறதுதான். லட்சக்கணக்குல வண்டியக் கூப்பிடும்போது பார்ட் கைக்கு வர மாசக்கணக்குல ஆகலாம், முதல்ல உங்க வண்டி லிஸ்ட்ல இருக்குன்னு ஒரு லெட்டர் வரும், பார்ட் வந்ததும் இன்னொரு லெட்டர் வரும். அந்த இடைவெளில வண்டி ஏற்கனவே இழுக்காம தடுமாறுதுன்னா ஹைவே பக்கம் போகவே போகாதீங்க, ஷோரூம்ல மாத்து வண்டி கேளுங்க, கேட்டாதான் கிடைக்கும். லிஸ்ட்ல இருந்தும் ஒரு அறிகுறியும் இல்லன்னா நான் காத்திருக்கத்தான் சொல்லுவேன். ஏற்கனவே காசு குடுத்து மாத்திட்டீங்களா, அப்புறம்தான் ரீகால் வந்துச்சா, பில்லோட போய் கேளுங்க, நிறைய ரீகால்ல அந்தப் பணத்தத் திருப்பித் தர ஏற்பாடு உண்டு.

ஷோரூம் அசெம்பிளிங்கறது மூடி, பம்ப், சல்லடை, பிரஷரக் கட்டுப்படுத்துற ரெகுலேட்டர், டேங்க் அளவு காட்டுற மிதவைன்னு மொத்தமா வர்றது. பல வண்டில ஃபில்டரும் இதுக்குள்ளயேதான். விலை அதிகம், ஆனா பத்து வருஷத்துக்கு மேல ஆன வண்டிக்கு எனக்கு இதுதான் சரின்னு படுது, ஏன்னா பழைய பிளாஸ்டிக் கிளிப் கழட்டும்போதே ஒடியும், மிதவையும் தேஞ்சிருக்கும், பம்ப்ப மட்டும் மாத்திட்டு கொஞ்ச நாள்ல பெட்ரோல் அளவு முள்ளு வேலை செய்யலன்னு மறுபடி டேங்க்கத் திறக்க வேண்டி வரும். ஆனா ஒண்ணு, ஷோரூம்ல வாங்கினதுங்கறதுக்காக பில்லத் தூக்கிப் போட்டுடாதீங்க. 2024 அக்டோபர்ல ஹோண்டா இந்தியாவுல 90,468 வண்டிய பம்ப்புக்காகக் கூப்பிட்டப்போ, அதே பம்ப்ப முன்னாடி ஸ்பேரா மாத்திக்கிட்ட 2,204 பழைய வண்டியும் சேர்த்தேதான் கூப்பிட்டாங்க. அதாவது வண்டி தயாரான தேதி லிஸ்ட்ல இல்லன்னாலும் நடுவுல மாட்டின பார்ட்டு லிஸ்ட்ல வரலாம். பில், டப்பா மேல இருக்குற பார்ட் நம்பர், மாட்டின தேதி மூணையும் போட்டோ எடுத்து வச்சுக்கங்க.

டென்ஸோ, பாஷ், கான்டினென்டல் மாதிரி சப்ளையரோட பம்ப்ப வெளிய வாங்குறதுதான் நடுத்தர வயசு வண்டிக்கு என்னோட முதல் சாய்ஸ், ஆனா நல்ல மெக்கானிக் கைல. நிறைய மாடலுக்கு கார் கம்பெனி டப்பாவுல வர்ற அதே பம்ப்தான் இது, டப்பா மட்டும் வேற. இம்பெல்லர் பிரச்சனைக்கு அப்புறம் டென்ஸோவ தொடவே மாட்டேன்னு சொல்றவங்க இருக்காங்க, எனக்கு அது சரியாப் படல, ஏன்னா ரீகால்ல மாட்டித் தர்றதும் பெரும்பாலும் அவங்களோட திருத்தின பம்ப்தான். நீங்க பார்க்க வேண்டியது பிராண்ட் பேர் இல்ல, பார்ட் நம்பர். பழைய நம்பருக்குப் பதிலா புது நம்பர் வந்திருந்தா புதுசையே கேளுங்க, கடைல தூசி படிஞ்ச பழைய ஸ்டாக்க எடுத்துக் குடுத்தா வேண்டாம்னு சொல்லிடுங்க.

இந்த வழில வேலை நுணுக்கம் ஜாஸ்தி. பழைய ஹவுசிங்குக்குள்ள (பம்ப்பத் தாங்குற கூடு) பம்ப்ப மட்டும் மாத்தும்போது பம்ப்பையும் மூடியையும் சேர்க்குற ஒரு சின்ன ஹோஸ் இருக்கும், அதுல போய் சாதாரண பெட்ரோல் டியூப்ப வெட்டிப் போட்டுடுவாங்க. அது உள்பக்கம் பெட்ரோலத் தாங்கும், வெளிப்பக்கமும் பெட்ரோல்லயே முங்கிக் கிடந்தா ஊறி வெடிச்சிடும், உடனே பிரஷர் டேங்க்குக்குள்ளயே கசியும், கடைசில புது பம்ப் மேல பழி விழும். முங்கிக் கிடக்குறதுக்குன்னே எஸ்ஏஇ 30ஆர்10 தர ஹோஸ் இருக்கு, அதக் கேட்டு வாங்கணும். சல்லடையும் மூடி ரப்பர் சீலும் கண்டிப்பா புதுசு. டேங்க்கத் திறக்குறதுக்கு முன்னாடி மேல இருக்குற மண்ணச் சுத்தம் பண்ணணும், லைன் பிரஷர இறக்கணும், பேட்டரி நெகட்டிவக் கழட்டணும், காத்தோட்டமான இடமா இருக்கணும். பெட்ரோல் ஆவி விஷயம், இதுல எதையும் விடக்கூடாது.

மலிவு பம்ப்ப பத்தி நீளமாப் பேச ஒண்ணுமில்ல. விலை கவர்ச்சியா இருக்கும், ஆனா வேகமா ஏறும்போது பிரஷர் விழுந்துடும், சத்தம் வரும், சிலது கொஞ்ச நாள்லயே நிக்கும், அப்போ மறுபடி டேங்க் திறக்குற கூலி, டோ பண்ற கூலி எல்லாம் சேர்ந்து மிச்சம் புடிச்சதத் தின்னுடும். பிராண்ட் பேர் போட்ட போலியும் உண்டு. பம்ப் உடம்புல பொறிச்ச நம்பர் டப்பா நம்பரோட ஒத்துப்போகணும், எழுத்து மங்கலா இருந்தாலோ விலை நம்ப முடியாத அளவு கம்மியா இருந்தாலோ விட்டுடுங்க. உடைச்ச வண்டி பம்ப்புக்கும் என் பதில் வேண்டாம்தான், அது எவ்ளோ ஓடிச்சு, காஞ்சு எத்தன நாள் கிடந்துச்சுன்னு யாருக்கும் தெரியாது. வேற எங்கயும் பார்ட்டே கிடைக்காத பழைய மாடலா இருந்தா வெறும் ஹவுசிங்குக்காக வாங்கலாம், உள்ள பம்ப் புதுசு போட்டுக்கங்க.

டைரக்ட் இன்ஜெக்ஷன் பெட்ரோல் வண்டியும் (பெட்ரோல நேரா சிலிண்டருக்குள்ள பீச்சுறது) டீசலும் இந்த ஒப்பீட்டுல தனிதான். அதுல டேங்க் பம்ப் தவிர எஞ்சின் மேல ஹை பிரஷர் பம்ப் ஒண்ணு இருக்கு, அறிகுறி ஒரே மாதிரி இருக்கும், தப்பா இன்னொண்ண மாத்திடக்கூடாது. டீசல்ல ஹை பிரஷர் பம்ப் உள்ள தேஞ்சு உடைஞ்சா இரும்புத் தூள் ரெயிலுக்கும் (இன்ஜெக்டர்களுக்கு டீசலப் பிரிச்சுக் குடுக்குற குழாய்) இன்ஜெக்டருக்கும் ரிட்டர்ன் லைன் வழியா டேங்க்குக்கும் போயிடும், பம்ப்ப மட்டும் மாத்தினா புதுசும் சீக்கிரமே போகும். 2021ல அமெரிக்காவுல கம்மின்ஸ் எஞ்சின் வச்ச ராம் டிரக் 2 லட்சத்துக்கு மேல ரீகால் ஆனப்போ பாஷோட சிபி4 பம்ப்ப எடுத்துட்டு அதுக்கு முந்தின சிபி3 பம்ப்பையே போட்டாங்க. டீசல்ல ஃபில்டர வெட்டிப் பார்த்து மினுமினுன்னு தூள் இருந்தா சிஸ்டம் முழுக்கத் திறந்து சுத்தம் பண்ற எஸ்டிமேட் கேளுங்க, வெறும் பம்ப் எஸ்டிமேட்டுக்கு சரின்னு சொல்லிடாதீங்க.

எந்த வழில மாத்தினாலும் மாட்டி முடிச்சதும் பின்சீட்டப் போடுறதுக்கு முன்னாடி எஞ்சின ஓடவிட்டு மூடி ஓரத்துலயும் பைப் ஜாயின்ட்லயும் ஈரம் இருக்கான்னு பாருங்க, அப்புறம் டேங்க்க நிரப்பிட்டு இன்னொரு தடவ பாருங்க, சீல் சரியா உக்காரலன்னா பாதி டேங்க்ல தெரியாது.